சைட்டேஷன் எண்ணை நம்பி கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

அம்மா, உங்கள் மடலைப் படித்தேன். மகளுக்கு இரண்டு இடங்களில் பிஎச்டி வாய்ப்பு வந்திருக்கிறது. இரண்டுமே வேதிப் பொறியியலில், உலர்த்துதலும் தூள் தயாரிப்பும் சார்ந்த ஆய்வு. ஒரு பேராசிரியருக்கு சைட்டேஷன் பல ஆயிரம். இன்னொருவருக்கு அதில் கால்வாசி கூட இல்லை. எண் பெரிதாக உள்ளவரிடமே சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அந்த எண் எதனால் பெரிதானது என்று பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்பதுதான் சைட்டேஷன். கூடவே எச்-இண்டெக்ஸ் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. எச்-இண்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 முறையாவது குறிப்பிடப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஒருவருக்கு மொத்தம் 3000 சைட்டேஷன் இருந்து, அதில் பெரும்பங்கு ஒரே கட்டுரையால் வந்திருந்தால் எச்-இண்டெக்ஸ் 12-லேயே நின்றுவிடலாம். தலா 50 சைட்டேஷன் வாங்கிய 40 கட்டுரைகள் இன்னொருவரிடம் இருந்தால் மொத்தம் 2000தான். ஆனால் எச்-இண்டெக்ஸ் 40. அந்த ஒரே கட்டுரை பெரும்பாலும் ரிவ்யூ கட்டுரையாக, அதாவது அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வதாக இருக்கும். அதுவும் உழைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வகத்தில் உங்கள் மகள் என்ன கற்றுக்கொள்வார் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

எச்-இண்டெக்ஸ் ஒருமுறை ஏறினால் இறங்காது. முப்பது வருடமாக எழுதுகிறவரையும் எட்டு வருடம் முன்பு வேலைக்கு வந்தவரையும் அதை வைத்து ஒப்பிடுவது சரியில்லை. கூகுள் ஸ்காலர் பக்கத்தில் கடந்த சில ஆண்டுகளின் கணக்கு தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எண் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது.

இனி இந்தத் துறைக்கு வருகிறேன். உலர்த்துதலில் சுலபமாகப் பெருகும் ஒரு வகைக் கட்டுரை உண்டு. ஒரு பழத்தையோ இலையையோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, சூடான காற்றில் காயவைத்து, ஈரம் குறையும் வேகத்தை ஏற்கெனவே உள்ள சமன்பாடுகளில் பொருத்திப் பார்ப்பார்கள். பொருளை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். ஒன்றை ஒன்று குறிப்பிடுவதால் சைட்டேஷனும் சேரும். மகளின் ஆய்வேடு முழுவதும் இப்படியே போய்விட்டால், நான்கு வருடம் கழித்து இண்டர்வியூவில் திணறுவார். இதை ஒளிக்காமல் சொல்வது என் கடமை.

வேறு வகை வேலை எது? பழச்சாற்றை ஸ்ப்ரே டிரையரில் தெளித்துத் தூளாக்கப் பார்த்தால் அது கருவியின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாற்றிலுள்ள சர்க்கரைகளின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை, அதாவது கண்ணாடி போல இறுகி இருப்பது இளகத் தொடங்கும் வெப்பநிலை, மிகவும் குறைவு என்பதுதான் காரணம். சுக்ரோஸுக்கு ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸ், குளுக்கோஸுக்கு அதில் பாதி, ஃபிரக்டோஸுக்கு இன்னும் கீழே. கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே இவை மேலும் சரியும். துகளின் வெப்பம் அந்த அளவைத் தாண்டிப் போனால் அது பிசுபிசுக்கும். அதனால்தான் அந்த வெப்பநிலையை உயர்த்த, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். ஏன் ஒட்டுகிறது, எவ்வளவு கலந்தால் போதும், மூட்டையில் வைத்த பிறகு ஏன் கட்டியாகிறது என்று துருவிப் போகிற ஆய்வுதான் ஆலைக்குள் கைகொடுக்கும். பால்பவுடர், உடனடி காபி, மாத்திரைக்கான குருணை, சலவைத்தூள், வினையூக்கி என்று எங்கே போனாலும் அடிப்படை இதேதான்.

ஆலையில் இண்டர்வியூ எடுப்பவர் சைட்டேஷனைக் கேட்பது அபூர்வம். "சைலோவிலிருந்து தூள் இறங்காமல் நிற்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். சைலோ என்பது தூளைச் சேமிக்கும் உயரமான தொட்டி. ஷியர் செல் என்ற சோதனைக் கருவியில் தூளின் ஓட்டத்தை அளந்தவருக்கு, துகளளவைத் தானே சோதித்தவருக்கு, தூசி வெடிப்பு எப்படி நேர்கிறது என்று தெரிந்தவருக்கு இதுபோன்ற கேள்விகளுக்குப் பதில் வரும். கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போவதாக இருந்தால் கதை வேறு. அங்கே கட்டுரைகளையும் எண்களையும் பார்ப்பார்கள், கைடின் பெயரும் உதவும். எனவே மகள் எந்தப் பக்கம் போக விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். உங்கள் மடலில் அது மட்டும் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இரண்டு பேராசிரியர்களின் கட்டுரைகளில் அதிகம் குறிப்பிடப்பட்ட ஐந்தை மகள் எடுத்துப் படிக்கட்டும். அவற்றைக் குறிப்பிட்டவர்கள் எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்று சிலவற்றைத் திறந்து பார்க்கட்டும். முன்னுரையில் போகிறபோக்கில் பெயர் சொன்னார்களா, அல்லது அந்த முறையை எடுத்துத் தங்கள் சோதனையில் பயன்படுத்தினார்களா? இரண்டாவது வகை பத்து இருந்தால், முதல் வகை நூறை விட நான் அதை மதிப்பேன். கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் முதல் இடத்தில் மாணவர் பெயர் வருகிறதா என்பதையும் கவனிக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு ஆய்வகத்திலும் முடித்து வெளியேறிய இரண்டு பேருக்கு அவர் எழுதட்டும். எத்தனை வருடம் ஆனது, டிரையரை நீங்களே இயக்கினீர்களா, இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். பதில்கள் வந்ததும் மகளோடு சேர்ந்தே என்னிடம் பேசுங்கள்.