பான்கேக் மிக்ஸை வீட்டிலேயே தயாரித்து வைத்துக்கொள்ளலாமா? மெத்தென்று வர என்ன செய்ய வேண்டும்?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்: மைதா, சர்க்கரை, உப்பு, மாவை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடர், அவ்வளவுதான் அதன் அடிப்படை. 1889-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் ஜோசப் நகரத்தில் கிறிஸ் ரட், சார்லஸ் அண்டர்வுட் என்ற இருவர் முதல் பாக்கெட் மிக்ஸைக் கொண்டுவந்தபோதும் கதை கிட்டத்தட்ட இதேதான். மாவோடு சமையல் சோடாவையும் அதற்கு ஈடான அமில உப்பையும் உலர்வாகக் கலந்துவிட்டார்கள். ஈரம் படும்வரை இரண்டும் சும்மா கிடக்கும்.

என் அளவு இது: மைதா அரை கிலோ (சுமார் 4 கப்), பேக்கிங் பவுடர் 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை 4 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோம்பல் பட்டு இதை விட்டுவிடாதீர்கள். பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் தங்கினால் அந்த வாய் மட்டும் கசக்கும், மற்ற இடம் தட்டையாக இருக்கும்.

சுடும்போது 1 கப் மிக்ஸுக்கு ஒரு முட்டை, முக்கால் கப் பால், உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பாலுக்குப் பதில் புளித்த கெட்டி மோர் விட்டால் இன்னும் ருசி. அப்போது மட்டும் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். மோரின் அமிலத்தோடு சேர்ந்து அதுவும் வாயுவை உண்டாக்கும், புளிப்பும் அடங்கும்.

இனிதான் முக்கியமான இடம். நம் கைக்கு மாவு என்றாலே கட்டியில்லாமல் கரைத்துத்தான் பழக்கம். பான்கேக்குக்கு அது ஆகவே ஆகாது. மைதாவை ஈரத்தோடு அடிக்க அடிக்க அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு ரப்பராகிவிடும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும், வேகும்போது காணாமல் போய்விடும். பதம் இட்லி மாவு போல இருந்தால் சரி. ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கிளறாமல் அப்படியே மொண்டு ஊற்றுங்கள்.

கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளிகள் குதித்து ஓட வேண்டும், புகை வரக் கூடாது. எண்ணெயைத் துணியால் துடைத்த மாதிரி தடவினால் போதும். அதிகமானால் மேல்புறம் திட்டுத் திட்டாகச் சிவக்கும். மாவை ஊற்றிய இடத்திலேயே விடுங்கள், தேய்க்க வேண்டாம். மேலே குமிழி வந்தவுடன் திருப்புவதுதான் பலர் செய்வது. கொஞ்சம் பொறுங்கள். ஓரத்துக் குமிழிகள் உடைந்து, துளை மூடாமல் அப்படியே நிற்கும், ஓரமும் பளபளப்பு போய் மங்கும். அப்போது ஒரே ஒரு முறை திருப்பி, அழுத்தாமல் விட்டுவிடுங்கள். தோசைத் திருப்பியால் தட்டினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும்.

இவ்வளவு செய்தும் உப்பவில்லையா? பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள். ஒரு தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், உடனே பொங்கி நுரைக்க வேண்டும். மந்தமாக இருந்தால் புதிது வாங்கிவிடுவதே நல்லது. நம்மூர் ஈரக்காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் வீரியம் இழக்கும். அதனால்தான் மிக்ஸையும் காற்றுப் புகாத பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் வைக்கச் சொல்கிறேன். நான் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்குத்தான் கலக்குவேன்.

கோதுமை மாவு வேண்டுமானால் பாதிக்குப் பாதி போடலாம். பால் இரண்டு மூன்று கரண்டி கூடுதலாகக் கேட்கும், பத்து நிமிடம் ஊறவும் விடுங்கள். மிஞ்சியதை நன்றாக ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃப்ரீசரில் வைத்தால், காலையில் டோஸ்டரில் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.