திங்கள் ஒட்டும் செய்தித்தாள்

கேள்வி: எங்கள் பாடசாலையில் வாராந்தச் செய்தித்தாள் ஒட்டுகிறோம். ஒவ்வொரு வாரமும் பெயர்ப் பிழை. பெற்றோர் மனம் நோகிறார்கள். அச்செடுக்கும் கடையில் எழுத்தும் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: பெயர்களைப் பிள்ளைகளிடம் வாயால் கேட்டு எழுதாதீர்கள். வரவு இடாப்பைப் பார்த்து, முன்னெழுத்தோடும் வகுப்போடும் எழுதுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு 'கே. தர்சிகா' இருந்தால் முன்னெழுத்தும் போதாது. தகப்பன் பெயரை முழுதாகப் போடுங்கள். பரிசு வாங்கிய பிள்ளைக்குத் தன் பெயர் சரியாக வருவதுதான் அந்தத் தாளிலேயே பெரிய செய்தி. அச்சுக்கு முன் வகுப்பாசிரியர் ஒருதரம் பார்த்துக் கையொப்பம் இடட்டும்.

எழுத்துக் குழம்புவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவால். அந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லாவிட்டால் 'அம்மா' என்பது 'mk;kh' என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையில் தட்டச்சிட்டு, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

செய்தி சேர்ப்பதை வியாழனோடு நிறுத்துங்கள். வெள்ளி திருத்தம், திங்கள் காலைக்கூட்டத்துக்கு முன் ஒட்டுதல். ஏ3 தாள் ஒன்றை இருபக்கமும் அடித்து மடித்தால் நான்கு ஏ4 பக்கம். வகுப்புக்கு ஒரு பிரதி போதும்; பலகையில் இருபக்கமும் தெரிய இரண்டு பிரதியை விரித்து ஒட்டுங்கள். நடந்து முடிந்த கூட்டத்தை நாலு வரியில் முடித்து, வரும் வாரத்துக்கு இடம் விடுங்கள்.

மாரியில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, பசை ஈரம் குடித்துத் தாள் சுருளும். குண்டூசியால் குத்தி, மேலே பொலித்தீன் போடுங்கள்.