வாகிசாஷி: பெயரை விடுங்கள், துருவைப் பாருங்கள்

வணக்கம். ஏலத்தில் எடுத்த வாகிசாஷியில் (ஜப்பானியக் குட்டை வாள்) கோதெட்சு என்று பெயர் வெட்டியிருக்கிறது, பிடிக்குள் இருக்கும் வால்பகுதியான நாகாகோ முழுக்கத் துரு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! அந்தக் கரும்பழுப்புத் துருதான் வாளின் வயதைச் சொல்கிறது. சுரண்டிவிட்டால் மதிப்பும் அதோடு போய்விடும்.

நாகசோனே கோதெட்சு 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) பேர்பெற்ற கொல்லர். அவர் பெயரில் வந்த போலிகள் ஏராளம். ஜப்பானிலேயே அந்தப் பெயரைக் கண்டால் முதலில் சந்தேகம்தான். ஒரு லென்ஸ் எடுத்து எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். சுற்றிலும் கறுப்பாக இருந்து, உளி வெட்டிய இடம் மட்டும் வெளிறித் தெரிந்தால் பின்னாளில் யாரோ வெட்டியது. அப்படியே இருந்தாலும் மனம் தளராதீர்கள். பெயர் போலி, வாள் அசல் என்பது சகஜம்.

அப்புறம் அலகு. பிடியை நாகாகோவோடு பிணைக்கும் மூங்கில் ஆணிக்கு இரண்டு துளைகள் என்கிறீர்களே, நீளமான வாளைக் குறைத்திருக்கலாம், பிடியை மாற்றியும் இருக்கலாம். நுனியிலிருந்து, அலகும் நாகாகோவும் சேரும் இடத்திலுள்ள முதுகுப்பக்கப் படிவரை நேர்கோட்டில் அளந்து பாருங்கள். 30 முதல் 60 செ.மீ.க்குள் வந்தால் வாகிசாஷி. பிறகு அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு குண்டு பல்பை நோக்கி அலகைச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டும் விளிம்பையொட்டி, பதம் ஏற்றும்போது உருவாகும் ஹமோன் கோட்டில் பனிபோன்ற மூட்டமோ மினுங்கும் பொடிமணிகளோ தெரிந்தால் நல்ல சகுனம். அமிலத்தால் வரைந்த போலிக் கோடு சுண்ணாம்பு பூசியதுபோல் தட்டையாக இருக்கும்.

அலகை வெறும் விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்டாலே துரு. நாகாகோவின் இரு பக்கங்களையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.