ஸ்போர்ட்ஸ் காரில் சாலை இரைச்சல்: கார் முழுவதும் ஷீட் ஒட்ட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 2012ஆம் ஆண்டு வெளிவந்த நிசான் 370 இசட் கார் ஒன்றை, முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் பின்பக்கத்திலிருந்து வரும் இரைச்சலால், பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. உட்புறம் முழுவதும் டேம்பிங் ஷீட் என்னும் அதிர்வு அடக்கும் விரிப்பை ஒட்டினால் சரியாகிவிடும், அதற்கு 10 சதுர மீட்டர் வேண்டும் என்கிறார் கார் ஆடியோ கடைக்காரர். இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: இப்போதைக்குச் செய்ய வேண்டாம். கடைக்காரர் சொல்லும் பொருள் நல்ல பொருள்தான். ஆனால் உங்களுக்குத் தொல்லை தரும் இரைச்சலில் ஒரு பகுதியை மட்டுமே அது குறைக்கும்.

உங்கள் காரில் பின் இருக்கை கிடையாது. டிக்கிக்கும் கேபினுக்கும் இடையே தடுப்பும் கிடையாது. 19 அங்குலச் சக்கரங்கள் உள்ள வகை என்றால், பின்னால் 275 மி.மீ. அகல டயர்கள் ஓடுகின்றன. அவை கான்கிரீட் சாலையில் எழுப்பும் ஓசை, வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பகுதியின்) மெல்லிய தகட்டைக் கடந்து நேராக உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்கிறது. இது வடிவமைப்போடு பிறந்த குறை. 2015ஆம் ஆண்டு மாடலில் நிறுவனமே சில வகைகளுக்கு, ஒலிபெருக்கிகள் வழியாக எதிர் ஒலி எழுப்பி இரைச்சலைத் தணிக்கும் வசதியைச் சேர்த்தது.

இரைச்சலைக் குறைக்கும் பொருள்கள் மூன்று வகைப்படும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கடைக்காரர் சொல்லும் டேம்பிங் ஷீட், அதாவது அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட், தகட்டின் அதிர்வை அடக்குகிறது. ரப்பர் அடுக்கு, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இழுபட்டு அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதால், தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடுகிறது. விரலால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று ஒலிக்கும் இடத்துக்கு ஷீட் தேவை, 'டப்' என்று அடங்கும் இடத்துக்குத் தேவையில்லை. சதுர மீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை எடையுள்ள இந்த ஷீட்டை 10 சதுர மீட்டருக்கு ஒட்டினால், எடை குறைய வேண்டும் என்று வடிவமைத்த காரில் வீணாக 20 முதல் 40 கிலோ சுமையை ஏற்றுகிறீர்கள்.

காற்று வழியே வரும் ஓசையைத் தடுப்பது மாஸ் லோடட் வினைல் என்னும் கனமான விரிப்பு. சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையுள்ள இதைத் தகட்டின் மீது நேரடியாக ஒட்டக் கூடாது. இடையே நீர் ஊறாத குளோஸ்டு செல் ஃபோம் விரித்து, அதன் மேல் இடைவெளியின்றிப் பரப்ப வேண்டும். சிறு திறப்பு விட்டாலும் ஓசை அதன் வழியே புகுந்துவிடும். பின் வீல் ஆர்ச்சுகளுக்கும் டிக்கித் தரைக்கும் உண்மையில் தேவைப்படுவது இதுதான். மூன்றாவது வகையான கம்பளி, ஃபெல்ட் போன்ற உறிஞ்சும் பொருள்களைப் பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனல்களின் பின்னால் நிரப்பினால் கூர்மையான ஓசைகள் தணியும்.

பணம் கொடுப்பதற்கு முன் டயர்களைப் பாருங்கள். ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரும், ரப்பர் இறுகிப்போன பழைய டயரும் எழுப்பும் இரைச்சலை எந்த விரிப்பும் முழுமையாக மறைக்காது. டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால், ஓசை குறைவான வகையை வாங்குவதே உங்கள் பணத்துக்கு மிகச் சிறந்த பயன் என்பது என் உறுதியான கருத்து. முந்தைய உரிமையாளர் சைலன்சரை மாற்றியிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது எழும் முழக்கம் 100 ஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் அதை உறிஞ்சாது. சைலன்சரைத்தான் சரிசெய்ய வேண்டும். கதவு ரப்பர் நைந்து காற்று சீறினால் அதற்கும் மருந்து புதிய ரப்பரே.

ஷீட் வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள தடிமனை மட்டும் நம்பாதீர்கள். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; '80 மில்' என்பது 2 மி.மீ.தான். சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, ஒட்டும் அடுக்கு பியூட்டைலா தாரா என்று கேளுங்கள். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டுகள் விலை குறைவு. ஆனால் கோடை வெயிலில் நின்ற காரில் அவை நாற்றமடிக்கும், நாளடைவில் கழன்றும் விழும். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

முதலில் டிக்கிப் பகுதியை மட்டும் செய்து, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் காது மெல்ல உணரும்; இரைச்சல் பாதியானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். கிடைத்த மாற்றம் போதவில்லை என்றால் மட்டும் கதவுகளுக்குச் செல்லுங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மூடிவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். ஏர்பேக் வயர்கள் ஓடும் பேனல்களையும் இருக்கைகளையும் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கையேட்டில் சொல்லியுள்ள நேரம் காத்திருக்க வேண்டும். இவற்றைக் கவனிப்பதாக உறுதி தராத கடையில் வேலையை ஒப்படைக்காதீர்கள்.