துண்டு போட்டு இடம் பிடிக்கும் மாத்திரை

கேள்வி: அண்ணாச்சி, கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் மாமா அல்வாவைத் தொடுவதில்லை. அப்படியும் மாத்திரையை நிறுத்தக் கூடாதாம். அது உள்ளே போய் என்னதான் செய்கிறது?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: நானும் அதே மாத்திரைக்காரன்தான் தாயி. அல்வாவை விட்டது நல்லதே. ஆனால் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. கல்லீரலில் அது பல படிகளாக நடக்கும். அதில் முக்கியமான ஒரு படி, எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற புரதத்தின் கையில். மூலப்பொருள் வந்து உட்கார அந்தப் புரதத்தில் ஒரு குழி உண்டு.

புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு விழுமே, ஸ்டாட்டின் மாத்திரை செய்வதும் அதுதான். அதன் ஒரு முனை மூலப்பொருளின் சாயலில் இருக்கும். அசலைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். அசல் நின்றுகொண்டே வரவேண்டியதுதான். ஆனால் துண்டு நிரந்தரமில்லை. மருந்து உடம்பைவிட்டுப் போனதும் சீட்டு காலி. அதனால்தான் தினமும் போடச் சொல்கிறார்கள்.

உற்பத்தி குறைந்ததும் ஈரல் சும்மா இருக்காது. இரத்தத்தில் போகிற எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்திழுக்கும் கொக்கிகளைக் கூடுதலாக முளைக்கவிடும். இரத்தப் பரிசோதனையில் எண் இறங்குவது பெரும்பாலும் இதனால்.

இதைக் கண்டுபிடித்த கதைதான் எனக்குப் பிடித்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் 1971-இல் தேட ஆரம்பித்தார். தன்னைக் காத்துக்கொள்ள, எதிரிக் கிருமியின் இந்தப் புரதத்தை முடக்கும் சரக்கைப் பூஞ்சைக் காளான் வைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில் கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பூசணத்தில் சிக்கியது. நாம் உதறிவிட்டுக் களைகிற அதே மாதிரிப் பூசணம்தான்!

எலிக்குக் கொடுத்தார்கள், கொழுப்பு அசையவில்லை. துண்டு போடப் போட எலி சீட்டைக் கூட்டிக்கொண்டே போனது. அந்தப் புரதத்தையே அதிகமாகச் செய்துகொண்டது. அப்புறம் முட்டைக் கோழிக்குக் கொடுத்தபோது கொழுப்பு நன்றாக இறங்கியது. கோழி கிடைக்காமல் போயிருந்தால் மாமாவுக்கு மாத்திரை இல்லை. இந்த வகையில் முதல் மருந்து 1987-இல்தான் விற்பனைக்கு வந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை போடுகிற நாளில் காரணமில்லாமல் தொடையோ கெண்டைக்காலோ வலித்தால் உடனே டாக்டரிடம் காட்டட்டும். நான் தைலம் தேய்த்தே மூன்று வாரத்தை ஓட்டி, பிறகு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.