பதில்: லாக்டோகாக்கஸ் கொடுத்தும் எலிப் புழுக்கையில் ஐஜிஏ வரவில்லை

ஆன்டிஜென் (நோய் எதிர்ப்பைத் தூண்டும் புரதம்) உருவாக்கும்படி மாற்றிய லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை இனங்காணும் சோதனை) ஆன்டிஜென் பட்டை தெரிகிறது, மூன்று நாள் வாய்வழி கொடுத்தும் புழுக்கையில் ஐஜிஏ (குடலில் சுரக்கும் எதிர்ப்பொருள்) இல்லை என்கிறீர்கள். முதல் சந்தேகம் வயிற்று அமிலம்தான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் அதை அவ்வளவாகத் தாங்காது, குடலில் நிலைத்துத் தங்கவும் செய்யாது. டோஸுக்குச் சற்று முன் அமிலத்தைத் தணிக்க 0.2 மோலார் சோடியம் பைகார்பனேட் கொடுங்கள். எலி ஒன்றுக்கு 10⁹ உயிருள்ள செல்களாவது வேண்டும். ஓடியை (கரைசலின் கலங்கலைக் காட்டும் ஒளி அடர்த்தி அளவு) நம்பாமல், ஊட்டத் தட்டில் பரப்பி வளரும் திட்டுகளை எண்ணுங்கள். நிசின் தூண்டல் (நிசின் என்ற பொருளைச் சேர்த்தால்தான் ஆன்டிஜென் உருவாகும் முறை) என்றால் ஓடி 0.4 அளவில் நிசினைச் சேர்த்து, புரதம் உருவான பிறகு கழுவிக் கொடுக்க வேண்டும். குடலுக்குள் நிசின் ஏது?

ஒரே சுற்று போதாது. இரண்டு வார இடைவெளியில் இன்னும் இரு சுற்று கொடுத்துப் பாருங்கள். புழுக்கையைப் புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான் கலந்த பிபிஎஸ்ஸில்தானே (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கரைத்தீர்கள்? இல்லையென்றால், இருந்த ஐஜிஏவும் அதை அளக்கும் எலைசா சோதனைக்கு முன்பே சிதைந்திருக்கலாம்.