சிங்கமும் செங்கல் பொடியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. ஒரே துருவாக இருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். குதிரைக்கு, அதாவது சுடும்போது விழும் சுத்திக்கு, பக்கத்துத் தகட்டில் பின்னங்காலில் நிற்கும் புலி தெரிந்தது. சிங்கமாகவும் இருக்கலாம், முன்னங்காலில் எதையோ பிடித்திருக்கிறது. அருகே 18 என்று எண், மீதி தேய்ந்துவிட்டது. எங்கள் முன்னோர் திப்பு சுல்தான் படையில் இருந்ததாகப் பாட்டி சொல்வார். இது திப்புவின் துப்பாக்கிதானே? செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? என்ன விலை போகும்?

க.

அன்புள்ள க.,

"மீதி தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவாகவா தேய்ந்தது? எத்தனையோ தலைமுறை எலிப்புழுக்கைக்கு நடுவே தாக்குப்பிடித்த இரண்டு இலக்கங்கள், உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கவில்லை. வருஷத்தைக் கையாலேயே அழித்துவிட்டு என்னிடம் வந்து வருஷம் கேட்கிறீர்கள்.

திட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தத் துப்பாக்கி கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பரணில் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் உள்ளேயே இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை விடுங்கள். வாயருகே குச்சியில் ஓர் அடையாளம் போட்டு வெளியே எடுத்து, அதே அளவுக்குக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி, தீ உள்ளே போகும் சின்னத் துளை வரைக்கும் வரவேண்டும். இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே எதுவோ இருக்கிறது. அப்புறம் நீங்கள் எதையும் தொடக்கூடாது, விவரம் தெரிந்தவர் கையில்தான் கொடுக்கவேண்டும். இதைச் செய்யும்போது குழலின் வாய் யாரையும் பார்க்கக்கூடாது, உங்களையும்தான்.

இனி சிங்கம். ஆமாம், சிங்கம்தான். முன்னங்காலில் பிடித்திருப்பது கிரீடம். கிழக்கிந்தியக் கம்பெனி 1808 முதல் தன் துப்பாக்கிகளுக்குப் போட்ட முத்திரை அது. அதற்கு முன் அவர்கள் போட்டது ஓர் இதய வடிவம். தலையில் நாலு என்ற எண் போல ஒரு கொம்பு, உள்ளே நாலு கட்டம், கட்டத்துக்கு ஒன்றாக வி, ஈ, ஐ, சி என்று நாலு எழுத்து. முதல் எழுத்தைப் பழைய வழக்கப்படி 'யூ' என்று வாசிக்கவேண்டும், 'யுனைடெட்' என்பதன் முதலெழுத்து. துணி மூட்டைக்குப் போட்ட அடையாளத்தைத்தான் துப்பாக்கிக்கும் போட்டார்கள். வியாபாரிக்கு இரண்டும் சரக்கு.

திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது 1799 மே 4. உங்கள் சிங்கம் பிறந்தது ஒன்பது வருஷம் கழித்து. திப்புவின் பட்டறைத் துப்பாக்கி என்றால் புலிவரிகள் இருக்கும், ஹைதர் என்ற பெயர் பொறித்த முத்திரை இருக்கும், நபிகள் பிறப்பிலிருந்து கணக்கிடும் மௌலூதி ஆண்டு இருக்கும். அந்த எண்ணை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். 18 என்று இங்கிலீஷ் வருஷம் தொடங்காது.

பாட்டியை நான் பொய்யாக்கவில்லை. உங்கள் முன்னோர் திப்பு படையில் இருந்திருக்கலாம். ஆனால் பரணில் இருந்தது அந்தப் படையைத் தோற்கடித்தவர்களின் துப்பாக்கி. எப்படி வந்தது என்று பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள், எனக்கும் அந்தக் கதை வேண்டும். அதற்கு முன், தகடு ஒரு துப்பாக்கியிலிருந்தும் குழல் இன்னொன்றிலிருந்தும் வந்ததா என்று பார்க்கவேண்டும். இப்படிச் சேர்த்துக் கட்டியவை ஏராளம். கைபர் பக்கத்துக் கொல்லர்கள் கம்பெனி முத்திரையைப் பார்த்து வெட்டிய நகல்களும் உண்டு. எழுத்துத் தெரியாதவன் வெட்டியதென்றால் சில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நிற்கும்.

செய்தவர் யார் என்கிறீர்கள். எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒருவர் தன் துப்பாக்கியை 'டவர் கம்பெனி' செய்தது என்று எனக்கு நாலு பக்கம் எழுதினார். டவர் என்றால் லண்டன் கோட்டை, அன்றைய அரசாங்க ஆயுதக் கிடங்கு. 1764 வாக்கில் அரசாங்கத் துப்பாக்கிகளின் லாக்கில், அதாவது குதிரையும் விசையும் சேர்ந்த சுடும் பொறியில், குத்தகைக்காரர் பெயரையும் வருஷத்தையும் போடுவதை நிறுத்திவிட்டார்கள், டவர் என்ற சொல் மட்டும் நின்றது. பெயர் இருக்கும் துப்பாக்கியிலும் அது பெரும்பாலும் குத்தகை எடுத்தவர் பெயர். அவர் அரத்தைக் கையால் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். பர்மிங்ஹாமைச் சுற்றி இந்தத் தொழில் நடந்த விதம் அப்படி. லாக் டார்லஸ்டன் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் அராவப்படும். குழலை ஒருவர் அடிப்பார், இன்னொருவர் குடைவார், கட்டையை வேறொருவர் செதுக்குவார், எல்லாவற்றையும் பொருத்த ஓர் ஆள். இதில் யாரைச் 'செய்தவர்' என்பீர்கள்?

சோதனை முத்திரை வேறு சமாசாரம். வழக்கத்தைவிட அதிக மருந்தைக் கெட்டித்துச் சுடுவார்கள். குழல் வெடிக்காமல் பிழைத்தால் முத்திரை. லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் சாசனம் வாங்கியது. பர்மிங்ஹாமுக்குத் தனிச் சோதனைச் சாலை 1813-இல்தான் வந்தது. அதன் முத்திரை, குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல், மேலே கிரீடம்.

அந்தச் செங்கோலை நான் பூ என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் கேப் துப்பாக்கி ஒன்று இருந்தது, குதிரை அடித்தால் தீப்பற்றும் சின்னச் செப்புத் தொப்பி போட்டுச் சுடுவது. உரிமம் உள்ளது. கடலைக் காட்டில் பன்றி விரட்ட. தேர்தல் வந்தால் அதைச் சாக்கில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார், நான் கூடவே போவேன். மற்றபடி அதைத் தொட எனக்கு அனுமதி கிடைத்தது வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரையோடு துப்பாக்கியும் திண்ணைக்கு வரும். புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் என் கையில். "முகம் தெரியணும்டா" என்பார் பெரியப்பா. குழலின் அடியில், குதிரைக்குப் பக்கத்தில், விரல்நகம் அளவுக்கு இரண்டு பூ. அதன் இடுக்கில்தான் கறுப்பு தங்கும். நான் நாரைக் கூராக முறுக்கி அந்த இடுக்கையே குறிவைத்துத் தேய்ப்பேன். மறுநாள் அதன்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறும். ஆறு ஆயுத பூஜை நான் தேய்த்தேன். எனக்கு முன்னால் யார் யார் தேய்த்தார்களோ. கடைசி வருஷம் அங்கே பூ இருந்ததாக நினைவில்லை, வெறும் பளபளப்பு. பெரியப்பா அதில் முகம் பார்த்துவிட்டு என் கையில் ஒரு ரூபாய் வைத்தார்.

அது என்ன முத்திரை என்று எனக்குத் தெரிந்தபோது பெரியப்பா இல்லை. துருவைக்கூட மன்னிப்பேன் க., அது எழுத்துக்கு மேலே ஒரு போர்வைபோல உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தாலே பாதி விட்டுவிடும். துப்புரவு செய்கிறவன் கைதான் எழுத்தையும் சேர்த்து வழிக்கும். உப்புத்தாளை இப்போதே குப்பையில் போடுங்கள். எலுமிச்சை, அமிலம், கம்பி நார், டிரில்லில் மாட்டும் பிரஷ், யூடியூபில் பார்த்த எதுவும் வேண்டாம். விசையைச் சுற்றியிருக்கும் பித்தளைக் காப்புக்குப் பாலீஷும் வேண்டாம். லேசாக எண்ணெய், பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான். எழுத்தைப் பார்க்கவேண்டுமென்றால் இருட்டறையில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். அழிந்ததாக நினைக்கும் இலக்கத்தின் பள்ளம் நிழலாக எழும்பும். மூன்றாவது இலக்கம் இன்னும் இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விலையை நான் சொல்லப்போவதில்லை. நூறு வருஷம் தாண்டிய பொருள், 1972 தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போகாது. 1959 ஆயுதச் சட்டத்திலும் பழசு என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை, பழுதுபார்த்தாலும் சுடமுடியாது என்று ஆகவேண்டும். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பெரியப்பா போனபிறகு உரிமத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைக்குமுன் ஒரு கொல்லர் லாக்கைக் கழற்றித் திண்ணையில் வைத்தார், இரண்டே திருகாணி. தகட்டின் உள்பக்கத்துக்கு என் செங்கல் பொடி போனதே இல்லை. அங்கே அரத்தால் இழுத்த மூன்று கோடு. விசைவில்லிலும் அதே மூன்று. குதிரையைத் தாங்கும் உள்துண்டிலும் மூன்று. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாத காலம், கலந்துவிடாமல் இருக்க ஒருவன் இழுத்து வைத்தது. மூன்றாவது கோடு மட்டும் எல்லாத் துண்டிலும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

உங்களுடையதில் எத்தனை கோடு? உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு, தெரிந்தவரை வைத்துக் கழற்றி, தகட்டின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். துடைக்காமல்.